மலையகத்தில் ஓய்வுக்குப் பிறகு வீட்டுப்பின்புறம் முட்டைக்கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சனோ சேமலாபப் பணமோ கைக்கு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வாங்கி விடலாம் என்று யோசிப்பவர்களுக்காக இது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை எந்தப் பக்கமானாலும் வேலை ஒன்றேதான். மழை வரும் மாதமும் காற்றடிக்கும் திசையும் மட்டும் மாறும்.

எத்தனை கோழியோடு தொடங்குவது?

ஆறு. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு நான்கே போதும்தான். ஆனால் ஒன்றைக் கீரி கொண்டுபோய், இன்னொன்று நோயில் போனால் மிஞ்சுவது இரண்டு. கோழி கூட்டமாக இருந்து பழகியது, தனித்து நின்றால் சரியாகத் தின்னாது. ஆறு கலப்பினக் கோழி நல்ல பருவத்தில் நாளுக்கு 5 முட்டை, வாரத்துக்கு 35 முட்டை தரும். வீட்டுக்குப் போக மீதி அடுத்த வீட்டாருக்கே சரியாகிவிடும்.

"கூடு கட்டுவதுதான் கட்டுகிறோம், இருபதாகப் போட்டால் என்ன?" என்று மகனோ மருமகனோ கேட்பார்கள். இருபது கோழிக்கு மாதம் 70 கிலோ தீன் வேண்டும். அதை ரோட்டிலிருந்து படியேற்றப் போவது யார் என்று அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள்.

இதில் லாபம் வருமா?

முட்டைச் செலவு மிச்சமாகும். வருமானம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரு கோழி நாளுக்கு சுமார் 115 கிராம் தீன் தின்னும். ஆறுக்கும் சேர்த்து 690 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 21 கிலோ. நாளுக்கு 5 முட்டை வரும்போது ஒரு முட்டைக்கு 138 கிராம் தீன் போகிறது. ஆகவே ஒரு கிலோ தீனின் விலையை ஏழால் வகுங்கள், முட்டை ஒன்றின் தீன் செலவு வந்துவிடும். கோழிக்கு வயது ஏறி நாளுக்கு மூன்று, நான்கு முட்டைதான் வருகிறது என்றால் ஐந்தால் வகுக்க வேண்டும். கடை விலையை விட அது கூடிவிட்டால் கோழிகளை மாற்றும் காலம் வந்துவிட்டது. தீன் விலை எப்படி ஏறி இறங்கினாலும் இந்தக் கணக்கு உதவும்.

கூட்டுக்கான பலகை, தகரம், கம்பிவலைச் செலவு இந்தக் கணக்கில் இல்லை. அதை முட்டையில் எடுக்க இரண்டு வருடமாவது பிடிக்கும். சேமலாபத்தில் பெரும் பங்கை இதில் போடவே வேண்டாம்.

லயத்தில் இருக்கிறோம். வளர்க்கலாமா?

காணி தோட்டத்துக்குச் சொந்தமென்றால் முதலில் தோட்ட ஆபீசில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் நம்பிக் கட்டிய கூட்டை துரை மாறியதும் பிரிக்கச் சொல்லலாம். டவுன் பக்கம் என்றால் நகர சபையிலோ பிரதேச சபையிலோ விசாரிக்க வேண்டும். தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களுக்கு இடப் பிரச்சினை இல்லை. ஒரு பேர்ச் 272 சதுர அடி, ஆறு கோழிக்குக் கூடும் முற்றமும் சேர்த்து 80 சதுர அடிக்குள் அடங்கிவிடும்.

லயத்தில் அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த காம்பரா. கூட்டின் கழிவு லயத்துக் காணுக்குள் இறங்கக் கூடாது. கூட்டை அவர்கள் குசினிச் சன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது. வாரம் நாலு முட்டை அந்தப் பக்கம் போனால் சண்டை வராது.

எந்தக் கோழி நல்லது?

முட்டைதான் நோக்கம் என்றால் பழுப்பு நிறக் கலப்பின லேயர்தான். பண்ணையில் வருடத்துக்கு 300 முட்டை வரை இடுகிற இனம். வீட்டில் 220 முதல் 260 வரை எதிர்பார்க்கலாம். ஊர்க்கோழி 60, 80 முட்டையோடு நிறுத்தி அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் அது தானே இரை தேடும், நோயையும் ஓரளவு தாங்கும், கறிக்கும் ருசி. இரண்டையும் ஒரே கூட்டில் போடாதீர்கள். ஊர்க்கோழி கொத்தி விரட்டி, லேயரைத் தீன் தட்டுப் பக்கமே வரவிடாது.

குஞ்சு வாங்கலாமா, வளர்ந்த கோழி வாங்கலாமா?

முதல் தடவையென்றால் 14 முதல் 16 வாரமான, தடுப்பூசி போட்ட விடலைக் கோழி வாங்குங்கள். குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 34 பாகை வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகையாகக் குறைத்து வரலாம். சமதரையில் மூன்று வாரத்தில் பல்பை அணைத்துவிடுவார்கள். நுவரெலியா குளிரில் ஆறு வாரம் வரை எரிய வேண்டியிருக்கும். நடு இரவில் கரண்ட் போனால் விடிய எல்லாம் ஒரு மூலையில் குவிந்து மூச்சடைத்துக் கிடக்கும். கரிச்சட்டியை மூடிய அறையில் வைத்துச் சமாளிப்பதும் ஆபத்து. அந்தப் புகை குஞ்சைக் கொல்லும், அதே அறையில் படுத்திருக்கும் மனிதரையும் கொல்லும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் குஞ்சுகளைக் கண்டு ஏமாறாதீர்கள். லேயர் இனத்துச் சேவல் குஞ்சுகள் பொரிப்பகத்துக்குத் தேவையில்லை, அவைதான் பெரும்பாலும் இப்படி வருகின்றன.

விடலை என்று சொல்லிக் கிழடைத் தலையில் கட்டிவிட மாட்டார்களா?

கட்டிவிடுவார்கள். பண்ணையில் ஒன்றரை வயது தாண்டிக் கழித்த கோழி "இனித்தான் முட்டையிடும்" என்று விலைபோவது உண்டு. கோழியைக் கையில் தூக்கிப் பாருங்கள். முட்டையிடத் தொடங்காத விடலைக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். நிறைய இட்ட கோழியின் காலும் அலகும் வெளுத்துப் போயிருக்கும், ஏனென்றால் அந்த மஞ்சள் நிறமெல்லாம் கருவுக்குள் போய்விட்டது. வாலடியில் ஆசனவாய்க்கு இருபுறமும் மெல்லிய இரண்டு எலும்பு முனைகள் விரலுக்குத் தட்டுப்படும். விடலைக்கு அவற்றின் நடுவில் ஒரு விரல்கூடச் சிரமப்பட்டுத்தான் போகும். முட்டையிட்டுப் பழகிய கோழிக்கு இரண்டு, மூன்று விரல் தாராளமாகப் போகும். கொண்டை சிறிதாக, இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தால் நல்லது. கழுத்திலும் முதுகிலும் இறகு தேய்ந்திருந்தால் பழைய கோழி.

தடுப்பூசி அட்டை கேளுங்கள். அருகில் எங்கே நம்பி வாங்கலாம் என்பதை உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிக்கலாம். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குண்டசாலை கரந்தகொல்லவில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

குளிரில் கோழி செத்துவிடாதா? கூட்டுக்குள் பல்ப் போட வேண்டுமா?

வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் 41 பாகை, மேலே இறகுப் போர்வை. நுவரெலியாவின் ஜனவரிப் பனியையும் தாங்கும். அதைக் கொல்வது ஈரம். நனைந்த இறகுக்குள் வெப்பம் நிற்காது. ஈரமான தரையில் எச்சம் புளித்து அமோனியா கிளம்பும், அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும், அதன் மேல் சளி பிடிக்கும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் உரப்பையால் மூடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. உள்ளே விடும் மூச்சின் ஈரமெல்லாம் தகரத்தில் பனித்து, கோழியின் முதுகிலேயே திரும்பச் சொட்டும். காலையில் கூட்டைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை.

கூடு எப்படிக் கட்டுவது?

ஆறு கோழிக்கு உள்ளே 4 அடிக்கு 4 அடி. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தரைப்பலகை வரட்டும். அடியில் காற்று ஓடும், நீங்களும் குனியாமல் சுத்தம் செய்யலாம். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த உயரம் மிக முக்கியம். தவழ்ந்து போய்க் கழுவ வேண்டிய கூட்டை மூன்றாம் மாதம் யாரும் கழுவுவதில்லை.

உள்ளே முன்புறம் 4 அடி, பின்புறம் மூன்றரை அடி உயரம். கூரைத் தகரம் சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி நீள வேண்டும், இங்கத்தைய மழை சாய்ந்துதான் அடிக்கும். தகரத்தின் கீழே மெல்லிய பலகையோ மூங்கில் தட்டியோ அடித்தால் பனிநீர் சொட்டாது. சுவரில் கீழ் மூன்று அடி பலகை, அதற்கு மேல் கூரை வரை கம்பிவலை. மழைப்பக்கச் சுவரை மட்டும் மேல்வரை பலகையால் அடைத்து, கூரையடியில் நாலு அங்குலம் விடுங்கள்.

எது மழைப்பக்கம்? மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். பதுளை, பண்டாரவளை பக்கம் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள், ஆடிக் காற்று மட்டும் மேற்கிலிருந்து. ஆனால் மலை மடிப்புக்கு மடிப்பு இது மாறும். உங்கள் வீட்டில் எந்தச் சன்னல்கட்டை முதலில் நனைந்து உப்புகிறது என்று பாருங்கள், அந்தத் திசைதான். கூட்டின் முகம் அதற்கு மறுபக்கம், முடிந்தால் காலை வெயில் விழும்படி இருக்கட்டும்.

தூங்கும் கட்டை ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம், விளிம்பு உருட்டியது. கோழிக்கு 8 அங்குலம் வீதம் 4 அடி நீளம். தரைப்பலகையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும். கட்டையில் நிற்கும் கோழியின் தலை கம்பிவலைக்குக் கீழே, பலகைச் சுவரின் மறைவுக்குள் இருந்தால் காற்று மேலே போய்விடும். முட்டைப்பெட்டி 12 அங்குலச் சதுரமாக இரண்டு, கட்டையை விடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் கோழி இரவில் அதில் படுத்து அசிங்கமாக்கும். பெட்டியின் மூடி வெளிப்பக்கம் திறக்கும்படி கீல் வைத்தால் கூட்டுக்குள் போகாமலே முட்டை எடுக்கலாம்.

வெளி முற்றம் 6 அடிக்கு 10 அடி. பாதிக்காவது கூரை போடுங்கள். அந்த நிழலில் ஒரு பழைய லொறி டயருக்குள் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழி அதில் புரண்டுதான் பேனை உதிர்க்கும். மழை மாதங்களில் மலையில் காய்ந்த மண் தேடக் கிடைக்காது, ஆகவே முன்பே ஒரு உரப்பையில் கட்டி வையுங்கள்.

தரையில் என்ன போடுவது? வாடை வருகிறதே?

மரஆலையின் காய்ந்த சீவல் அல்லது மரத்தூள், மூன்று நான்கு அங்குலத் தடிப்பில். உமி கிடைத்தால் அதுவும் நல்லது. காயாத மானாப்புல் வேண்டாம், இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியும் கட்டையின் கீழேயும்தான் முதலில் அப்படி ஆகும். அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாடைக்குச் சுண்ணாம்பு தூவுவார்கள். ஈர எச்சத்தில் சுண்ணாம்பு விழுந்தால் அமோனியா இன்னும் கூடித்தான் கிளம்பும். ஈரத்தை எடுக்காமல் வாடை போகாது.

அள்ளியதைப் பச்சையாகக் கோவா, லீக்ஸ் பாத்திக்குப் போடாதீர்கள், வேர் கருகும். குவித்து மூடி இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் கரட்டுக்கும் நல்ல உரம்.

என்ன தீன், எவ்வளவு?

18 வாரம் வரை வளரும் கோழித் தீன், முதல் முட்டை கண்டதும் லேயர் தீன். லேயர் தீனில் புரதம் 16, 17 சதவீதம், கல்சியம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கல்சியம் விடலையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே முந்திக்கொண்டு போடாதீர்கள். தீன் மாற்றும்போது ஒரு வாரம் கலந்து கொடுங்கள்.

50 கிலோ மூட்டை மலிவு என்று வாங்க வேண்டாம். ஆறு கோழிக்கு அது இரண்டரை மாதம் கிடக்கும், அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்திவிடும். ஒரு மாதத்துக்கு 20, 25 கிலோ போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், சிமெந்துத் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கட்டி கட்டியாகவோ புளித்த வாடையாகவோ இருந்தால் கோழிக்கும் வேண்டாம். உரக்குழிக்குப் போகட்டும்.

வீட்டிலேயே சோளம், தவிடு, புண்ணாக்கு கலந்து கொடுத்தால் மலிவுதானே என்பார்கள். கலக்கலாம். ஆனால் விற்றமின், தாதுக் கலவை சரியான அளவில் சேராமல் முட்டை பாதியாகும். ஆறு கோழிக்கு அந்த மெனக்கேடு தேவையில்லை.

தண்ணீர் ஆறுக்கும் நாளுக்கு ஒன்றரை லீற்றர். மழைக்குப் பின் பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் தெளியவைத்துக் கொடுங்கள்.

மிச்சச் சோறு, கோவா இலை கொடுக்கலாமா?

சாயங்காலம் ஆறு கோழிக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி. அதற்கு மேல் சோறு போனால் கொழுப்பு வைத்து முட்டை குறையும். கோவா, கரட் இலை, முள்ளங்கி இலை நல்லவை, கருவும் நிறமாக வரும். ஆனால் தோட்டக்காரர் வீசும் இலையில் எப்போது மருந்தடித்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும் நாட்களில் கோழியை அவிழ்த்துவிடாதீர்கள். பச்சை ஏறிய உருளைக்கிழங்குத் தோல், வேகாத போஞ்சி விதை, அவகாடோவின் தோலும் கொட்டையும் எதுவும் கூடாது.

முட்டை ஓடு மெல்லிசாக, சிலது தோலோடு விழுகிறது. ஏன்?

புதிதாக இடத் தொடங்கிய முதல் சில வாரம் அப்படி வருவது வழக்கம். தொடர்ந்தால் கல்சியக் குறை. தீனில் இருப்பது போக, தனிச் சிரட்டையில் சிப்பித்தூள் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுக்கும். தீனோடு கலக்க வேண்டாம். மலை மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு, கிளறித் தேடிக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. முட்டையோட்டை வறுத்து நன்றாக நொறுக்கியும் கொடுக்கலாம். ஓட்டின் உருவம் தெரியும்படி போட்டால் முட்டை கொத்தப் பழகிவிடும்.

மூடுபனிக் காலத்தில் முட்டை குறைகிறது. லைட் போடலாமா?

போடலாம், கட்டாயமில்லை. நம் நாட்டில் வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். கோழி முழு அளவில் இட 14 முதல் 16 மணி வெளிச்சம் கேட்கும். 5 வோற் எல்ஈடி பல்பை விடிகாலை 4 மணி முதல் விடியும் வரை எரியவிட்டால் போதும். இரவில் எரித்துத் திடீரென அணைத்தால் கோழி இருட்டில் கட்டைக்கு ஏறத் தெரியாமல் தரையில் தங்கிவிடும். 18 வாரத்துக்கு முன் வேண்டாம், முட்டை சிறுத்து கோழி நோகும். ஒருநாள் போட்டு ஒருநாள் விடுவதானால் போடாமலே இருங்கள்.

கீரி, மரநாய் வராமல் என்ன செய்வது?

அறுகோண ஓட்டைக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலச் சதுர வெல்டட் வலை வேண்டும். முற்றத்தின் அடியில் வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்து விரித்து, மேலே கல் பரப்புங்கள். கீரி வேலியடியில்தான் தோண்டும், கால் வலையில் பட்டதும் விட்டுவிடும். மரநாய் இரவில் கூரை வழியாக வரும், முற்றத்துக்கும் மேல்வலை தேவை. கொண்டியில் ஒரு ஆணி அல்லது பூட்டு. பொழுது சாயுமுன் எண்ணிப் பார்த்து அடைத்தால் இழப்பு பெரும்பாலும் இல்லை.

கம்பிக் கண்ணி மட்டும் வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கண்ணியில் சிக்கித்தான் ஒரு கருஞ்சிறுத்தை செத்தது. சட்டப்படியும் குற்றம்.

என்ன நோய் வரும்? எதைக் கவனிப்பது?

இரானிக்கெட் என்ற வைரஸ் நோய்தான் முதல் பயம். பச்சை நிறக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு, இரண்டொரு நாளில் கழுத்துத் திருகல். வந்தால் மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே வழி. அதில் ஒரு சிக்கல்: குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு அளவாக வரும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே லயத்தில் கோழி வைத்திருக்கும் எல்லாரும் ஒரே காலையில் சேர்ந்து போடுங்கள், செலவும் பங்காகும். வைத்திய அலுவலகத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர்.

முகம் வீங்கி, மூக்கில் நாறும் சளி வடிந்தால் கொரைசா. ஈரக்கூட்டில் வரும். கோழியைப் பிரித்து வைத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கொண்டையில் கறுப்புப் பருக்கள் என்றால் அம்மை, நுளம்பால் பரவும். எச்சத்தில் இரத்தம், இறகு சிலிர்த்துக் குந்தியிருத்தல் என்றால் குடல் ஒட்டுண்ணி, ஈரத் தரைதான் அதற்கும் வழி. கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரத்தால் உண்ணி. தேங்காயெண்ணெயை வாரம் இரண்டு முறை காலில் தடவினால் அந்த உண்ணி மூச்சடைத்துச் சாகும்.

மருந்துக் கடையில் வாய்ச்சொல்லில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கரைக்காதீர்கள். எந்த மருந்துக்கும் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரே நாளில் பல கோழி திடீரென்று செத்தால் தொடாமல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததை ஆற்றிலோ காணிலோ எறியாமல், 3 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

சேவல் இல்லாமல் முட்டையிடுமா?

இடும். பொரிக்காது, அவ்வளவுதான். லயத்தில் விடிகாலை நாலு மணிக்குக் கூவும் சேவலுக்கு நண்பர்கள் குறைவு.

அடைக்கு உட்கார்ந்துவிட்டால்?

கம்பித் தரையுள்ள கூண்டில் தீனும் தண்ணீரும் வைத்து மூன்று நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டதும் தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவது பழைய வழக்கம், இந்தக் குளிரில் அது வேண்டாம்.

முட்டையைக் கழுவலாமா?

அழுக்கானதை மட்டும், சமைக்கப் போகும் நேரத்தில். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு கழுவினால் போய், கிருமி உள்ளே இறங்கும். மலையகக் குளிரில் வெளியிலேயே இரண்டு மூன்று வாரம் கெடாது. கூட்டிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், பேரப்பிள்ளைகளையும் கழுவ வையுங்கள்.

கோயிலுக்கோ மகள் வீட்டுக்கோ போனால்?

இரண்டு நாளென்றால் பெரிய தீன் பெட்டியும் இரண்டு தண்ணீர்ப் பாத்திரமும் போதும், ஆனால் சாயங்காலம் கதவடைக்க ஒருவர் வேண்டும். அதற்கு மேலென்றால் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுங்கள், அந்த நாட்களின் முட்டை அவர்களுக்கே.

முட்டை நின்ற கோழியை என்ன செய்வது?

ஒன்றரை வயதில் இறகு உதிர்த்து இரண்டு மாதம் நிறுத்தும், அது ஓய்வு, அவசரப்பட்டு அறுக்காதீர்கள். இரண்டரை வயதுக்குப் பிறகு நாளுக்கு ஒரு பிடி தீன் தின்று வாரம் இரண்டு முட்டை தரும். குழம்பா, சும்மா வைத்திருப்பதா என்பதைக் கோழி வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பேத்தி பெயர் வைத்தபிறகு அறுப்பது எளிதல்ல. ஆறையும் ஒன்றாக மாற்றாமல் ஆண்டுக்கு மூன்றாக மாற்றினால் முட்டை தொடர்ந்து வரும். புதிதாக வருவதை மூன்று வாரம் தனியே வைத்து, பிறகு ஒரு இருட்டிய வேளையில் கட்டையில் ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் கொஞ்சம் கொத்திக்கொள்ளும், இரண்டாவது தீன் தட்டொன்று வைத்தால் வாரத்தில் அடங்கிவிடும்.